சாட்சிக்கு இரண்டு பேர்

ஐம்பத்திரண்டில் மழை பொய்த்ததும், சூளகிரிப் பக்கத்து அந்தச் சிற்றூரே கோலாருக்குக் கூலி வேலைக்குக் கிளம்பிவிட்டது. போனவர்கள் வீட்டுச் சாவிகளை ஒண்டிக்கட்டையான திம்மராயனிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர் போகவில்லை. கருகிய பயிரை அதிகாரி நேரில் பார்த்தால்தான் சர்க்கார் நிவாரணம் என்று தண்டோரா போட்டிருந்தார்கள். அதனால் காய்ந்த கேழ்வரகை அறுக்காமல் காவல் காத்தார். பசியில் கத்திய மாட்டைக்கூட வயலில் இறங்க விடவில்லை.

நாற்பதாம் நாள் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். இத்தனை நாள் பேச ஆளில்லாத திம்மராயன், கேட்டதற்கும் கேட்காததற்கும் சேர்த்துப் பதில் சொன்னார். இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

"சரி, சாட்சிக் கைநாட்டு வெக்க ஊர்க்காரங்க ரெண்டு பேரைக் கூப்பிடு."

திம்மராயன் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து நீட்டினார். பதினோரு சாவிகள்.

"ஊரு இவ்வளவுதாங்க சாமி."

"அப்ப அவங்க வந்தப்பறம் பாத்துக்கலாம்."

இன்ஸ்பெக்டர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

சைக்கிள் மேட்டுக்கு அப்பால் மறையும்வரை திம்மராயன் நின்றார். பிறகு மாட்டை அவிழ்த்து வயலுக்குள் ஓட்டினார்.

"நாப்பது நாளா நீயுந்தானே கூட இருந்து பாத்த. தின்னு."