புளி போட்டுத் தேய்த்த ரிவால்வர்

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் இறந்து ஆறு வாரம் கழித்து ஒரு சொலிசிட்டரிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. கிழவர் தன் உயிலில் எனக்கு ஒரு பழைய ரிவால்வரை எழுதி வைத்திருக்கிறாராம். 'மீன் கட்லட் கொண்டுவந்து தரும் பக்கத்து வீட்டுப் பெண்மணிக்கு' என்று அதில் இருந்தது. பெயர் இல்லை. அவுஸ்திரேலியாவில், குவேக்கர்ஸ் ஹில்லில் எங்கள் தெருவில் மீன் கட்லட் கொடுக்கக்கூடிய ஆள் நான் ஒருத்திதான் என்பதால் சொலிசிட்டர் என்னைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை.

அது 2010. எனக்கு நாற்பத்தாறு வயது. ஒரு இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். என் கணவர் ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் இருந்தார். கடிதத்தை அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார்.

"கட்லட்டுக்குத் துவக்கோ?" என்றார். "ரோல்ஸ் குடுத்திருந்தா என்ன தந்திருப்பார்?"

எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ரிவால்வரைப் போலீசிடம் ஒப்படைப்பது. அவர்கள் அதை உருக்கிவிடுவார்கள். மற்றது, பழைய துப்பாக்கிகள் சேகரிப்பவர்களுக்கான உரிமம் எடுத்து நானே வைத்திருப்பது. ஒப்படைத்துவிடுவது என்றுதான் தீர்மானித்தேன். கையெழுத்துப் போடுவதற்கு, அதைப் பாதுகாத்து வைத்திருந்த துப்பாக்கி வியாபாரியின் கடைக்கு ஒரு சனிக்கிழமை போனேன்.

அவர் அதை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அமெரிக்காவின் மேற்கில் குதிரையில் திரிந்தவர்கள் இடுப்பில் செருகியிருந்த வகை. மருந்தையும் ஈயக் குண்டையும் தனித்தனியாக முன்பக்கத்தால் இடித்து ஏற்ற வேண்டும். இரும்பு முழுக்கக் காய்ந்த பலாக்கொட்டை நிறம். விசையைச் சுற்றியிருந்த பித்தளை வளையம் கறுத்துப் போயிருந்தது. "தூக்கிப் பாருங்கள்" என்றார் அவர்.

யாழ்ப்பாணத்தில் நான் பார்த்த துவக்குகளையெல்லாம் முன்பக்கத்திலிருந்துதான் பார்த்திருந்தேன். பிடிக்கிற பக்கம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. மரப்பிடியில் யாரோ ஒருவருடைய பெருவிரல் பட்டுப் பட்டு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. என் பெருவிரல் அதில் சரியாகப் போய் உட்கார்ந்தது. நான் ஒப்படைக்கும் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. உரிமம் எடுக்கும் படிவத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

டொராண்டோவிலிருக்கும் அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "ஊரில எல்லாரும் துவக்கைக் கீழ வைச்சுப்போட்டு ஒரு வருஷமாச்சு. இப்ப எடுத்திருக்கிற ஒரே ஆள் நீதான்" என்றாள்.

உரிமம் எடுக்க வேண்டுமானால் சேகரிப்பாளர் சங்கம் ஒன்றில் சேர வேண்டும். சேர்ந்தேன். மாதத்தில் ஒரு ஞாயிறு ஒரு மண்டபத்தில் கூடுவார்கள். ஏறக்குறைய எல்லோரும் ஓய்வு பெற்ற ஆண்கள். தலைவர் ஒரு முன்னாள் பல் வைத்தியர். எந்தத் துப்பாக்கியைக் கொடுத்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பார், அதுவும் ஒரு சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு.

பிறகு போலீஸ் நிலையத்திலிருந்து தொலைபேசி வந்தது. நான் வேலையில் இருந்தேன், கணவர்தான் எடுத்தார். மனைவி வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பதில் அவருக்குப் பயம் எதுவும் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். அவர், துப்பாக்கி இல்லாத காலத்திலேயே பயந்துதான் இருக்கிறேன் என்று பகிடி விட்டிருக்கிறார்.

"சிரிச்சவங்களோ?" என்று கேட்டேன்.

"இல்லை. என்ர பேரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னவங்கள்."

அந்தப் பகிடியால் என் விண்ணப்பம் ஐந்து மாதம் நின்றது. ஒரு அதிகாரி வந்து எங்கள் இருவரையும் வேறு வேறு அறைகளில் இருத்தி விசாரித்தார். நான் அடிப்பேனா என்று என் கணவரிடம் கேட்டாராம். சமையல் பற்றிக்கூடக் கேட்டாராம். அவர் எல்லாவற்றுக்கும் "நோ சேர், வெரி நைஸ் லேடி" என்று பதில் சொன்னதாகச் சொன்னார். இருபது வருடத்தில் அவர் என்னைப் பற்றி அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதையும் எனக்குச் சொல்லவில்லை, போலீசுக்குச் சொன்னார்.

கடைசியில் உரிமம் வந்தது. அடுத்தது இரும்புப் பெட்டி. அதைச் சீமெந்துத் தரையில் துளை போட்டு முடுக்க வேண்டும். படுக்கையறையில் கம்பளம், குசினியில் இடமில்லை, கராஜுக்குள் அவருடைய சாமான்கள். மிஞ்சியது சாமியறை. பிள்ளையாருக்கும் முருகனுக்கும் கீழே, விளக்குத் தட்டுக்குப் பக்கத்தில், சாம்பல் நிறத்தில் அந்தப் பெட்டி உட்கார்ந்தது. வீட்டுக்கு வந்த ஒரு அன்ரி சாமி கும்பிட்டுவிட்டுப் பெட்டியையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்த வருட நவராத்திரியில், ஆயுத பூசை அன்று காலையில், கணவர் என்னிடம் வந்தார்.

"இவ்வளவு வருஷமும் ட்ரில் மெஷினையும் புல்லு வெட்டுற மெஷினையும் வைச்சுத்தான் கும்பிட்டனான். இப்ப வீட்டில உண்மையான ஆயுதமே இருக்கு. எடுத்து வையும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பெட்டியின் திறப்பு என்னிடம்தான். ரிவால்வரை எடுத்து ஒரு தட்டில் வைத்தேன். அதற்குள் அடுப்பில் வடைக்கு எண்ணெய் புகையும் மணம் வர, குசினிக்கு ஓடினேன். அப்படி விட்டுவிட்டுப் போனது சட்டப்படி தவறு என்று எனக்குத் தெரியும். இருபது நிமிடம் இருக்கும். திரும்பி வந்தபோது அவர் ஈரக் கையோடு நின்றார்.

குத்துவிளக்கு மின்னியது. மணி மின்னியது. ரிவால்வரும் மின்னியது.

"என்ன செய்தனீங்கள்?"

"விளக்குக்குப் புளி கரைச்சனான். மிச்சம் இருந்தது. இதுவும் ஒரே ஊத்தையாக் கிடந்துது. பாத்திரம் தேய்க்கிற பச்சைத் துண்டால நல்லாத் தேய்ச்சு எடுத்தனான்."

பழைய துப்பாக்கிகள் சேகரிப்பவர்களுக்கு அந்த ஊத்தைதான் சொத்து. நூற்றைம்பது வருடம் காற்றும் கையும் சேர்ந்து படியவிட்ட நிறம் அது. போனால் திரும்பி வராது. சங்கத்தில் எனக்கு முதல் நாளே சொல்லித் தந்த பாடம், தேய்க்காதே என்பதுதான். நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் சந்தோசத்தில் வாயடைத்துப் போனேன் என்று நினைத்து, ரிவால்வருக்குத் திருநீறு பூசிச் சந்தனம் வைத்துச் செவ்வரத்தம் பூவும் சாத்தினார். அழக்கூட மனம் வரவில்லை. தேவாரம் பாடி முடித்து வடை சாப்பிட்டோம். மாலையில் அதை எடுத்து, பார்க்கவும் மனமில்லாமல், அப்படியே பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

இரண்டு வாரம் கழித்துப் பெட்டியைப் பரிசோதிக்க ஒரு போலீஸ்காரி வந்தாள். இளம் பெண். சாமியறை என்றதும் தானாகவே சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்தாள். கையுறை போட்டு ரிவால்வரைத் தூக்கிக் குழலுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தவள் முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

"இதை அண்மையில் சுட்டீர்களா?"

"இல்லையே."

"உள்ளே வெள்ளையாகத் தூள் இருக்கிறது. எரிந்த சாம்பல் மாதிரி."

"சாம்பல்தான்" என்றேன். "சுடவில்லை. கும்பிட்டோம்."

அவள் பேனையின் முனையால் குழலுக்குள் துழாவினாள். காய்ந்துபோன செவ்வரத்தம் இதழ் ஒன்று வந்தது. அதையும் என்னையும் சுவரிலிருந்த பிள்ளையாரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு படிவத்தை எடுத்து, இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை என்றாள். 'பராமரிப்பு' என்ற இடத்தில் எழுதலாம் என்று இருவரும் பேசி முடிவு செய்தோம்.

அந்த மாதக் கூட்டத்துக்கு ரிவால்வரைக் கொண்டுபோனேன். மறைக்க வழியில்லை. கணவரும் மன்னிப்புக் கேட்கப் போவதாகச் சொல்லிக் கூடவே வந்தார். நான் துணியை விரித்ததும் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். செத்தவீட்டில் செய்வது போல ஒருவர் எனக்குத் தேநீர் கொண்டுவந்து கையில் தந்தார்.

பல் வைத்தியர் மட்டும் தன் கண்ணாடியோடு குனிந்தார். சுழலும் உருளையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நிமிரவே இல்லை. அங்கே, முன்பு ஊத்தை மூடியிருந்த இடத்தில், ஒரு சின்ன நீள்வட்ட முத்திரை தெரிந்தது.

"பெல்ஜியம்" என்றார்.

அமெரிக்கத் துப்பாக்கிகளைப் பார்த்து அந்தக் காலத்தில் பெல்ஜியத்தில் செய்த நகலாம் அது. எந்த மேற்கையும் அது கண்டிருக்காது. கப்பலில் நேராக இங்கே வந்து ஒரு கடைக்காரரின் மேசை லாச்சிக்குள் கிடந்திருக்கலாம் என்றார் அவர். சங்கத்தினரின் முகங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. பெல்ஜியம் என்றால் தேய்த்தது அவ்வளவு பெரிய பாவம் இல்லையாம்.

மன்னிப்புக் கேட்க வந்த மனிதர் நிமிர்ந்தார். "நான் தேய்க்காட்டி உங்கள் ஒருத்தருக்கும் இது தெரிஞ்சிராது" என்று ஆங்கிலத்தில் சபைக்குச் சொன்னார்.

எனக்கு வெட்கமும் ஏமாற்றமும் சேர்ந்து வந்தன. ஆனாலும் மரப்பிடியில் விரலை வைத்துப் பார்த்தேன். பள்ளம் அதே இடத்தில்தான் இருந்தது. கடைக்காரருக்கும் பெருவிரல் இருந்திருக்கும்தானே.

2012இல் சங்கம் பொதுமக்களுக்கு ஒரு கண்காட்சி வைத்தது. செய்யக்கூடாததற்கு உதாரணமாக என் ரிவால்வரைத் தனி மேசையில் வைக்கலாமா என்று தலைவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். ஓம் என்றேன். ஐம்பது மேசைகளில் மங்கிய துப்பாக்கிகள் இருக்க, சனம் முழுக்க எங்கள் மேசையைச் சுற்றித்தான் நின்றது. அங்கேதான் ஏதோ பளபளத்தது. கணவர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு காலையிலிருந்து நின்றபடியே விளக்கம் கொடுத்தார். 'தேய்க்காதீர்கள்' என்ற எச்சரிக்கைப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு, புளியை எவ்வளவு நேரம் ஊறவிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்.

நான் பின்பக்கம் போய் ஒரு விற்பனை மேசையில் இன்னொரு ரிவால்வரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரும்பு மட்டும், பித்தளையே இல்லை. கருகருவென்று இருந்தது. அவர் எப்போது வந்து பின்னால் நின்றார் என்று தெரியவில்லை.

"இதையும் வாங்கப் போறீரோ?"

"ஓம்."

அவர் எட்டிப் பார்த்தார். "பித்தளை இல்லை" என்றார், கொஞ்சம் வருத்தமாக. "சரி, வாங்கும்."