துவக்குக் கேட்ட வீடுகளில் காசிம் முதலில் கேட்ட கேள்வி

2019 பெப்ரவரி 17, ஞாயிற்றுக்கிழமை, மு.ப. 9.10
தில்லையடி, புத்தளம்

01. மர்ஹூம் காசிம் அவர்களின் மறைவும் எனது கூற்றும்

நமது கமக்காரர் அமைப்பின் தலைவருக்கும் அங்கத்தவர்களுக்கும்,

இம்மாதம் 9ஆம் திகதி சனிக்கிழமை காலை 6.20க்குப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் காசிமின் பெயர் சொல்லப்பட்டபோது நான் முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். முதலில் மனைவிதான் அழுதாள். நான் மறுபாதி முகத்தையும் சவரம் செய்து முடித்தேன். ஜனாஸா அஸர் தொழுகைக்குப் பிறகு எடுக்கப்பட்டது. பள்ளிவாசல் நிறைந்து வீதியிலும் ஸப்பு வரிசைகள் நின்றன. கரைத்தீவிலிருந்து இரண்டு லொறிகளில் ஆட்கள் வந்திருந்தார்கள். எனக்கு இத்தனை பேர் வரமாட்டார்கள் என்ற எண்ணம் தொழுகையின் நடுவே வந்தது. அதற்காகப் பாவமன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். எண்ணம் மட்டும் போகவில்லை.

அனுதாபக் கூட்டத்தில் வாசிக்க நான் ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று செயலாளர் கேட்டார். முழுவதையும் வாசிப்பதானால் மட்டுமே இதை வாசியுங்கள்.

காசிம் என்னைவிட ஐந்து வயது இளையவர். ஆயினும் ஊர் முழுவதும் அண்ணன் முறை வைத்து அவரை ‘காசிம் நானா’ என்றது. முப்பத்து நான்கு வருடங்கள் அரசாங்கத்தில் வேலை செய்து பிரதம லிகிதராக ஓய்வுபெற்ற என்னை ஒருவரும் நானா என்றதில்லை. ‘லிகிதர்’ என்பார்கள். 1990இல் மன்னாரிலிருந்து ஒரு பையோடு வந்து, மீன் விற்று, பிறகு கரைத்தீவுப் பக்கம் காட்டோரமாக என் கச்சான் (நிலக்கடலை) தோட்டத்திற்கு அடுத்த காணியை வாங்கியவர் அவர். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அவர் வந்த வருடம் நான் சுற்றறிக்கைகளுக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருந்தேன்.

யுத்தம் முடிந்து, பயிரைக் காக்கத் துப்பாக்கிக்கு, ஊர்ப்பேச்சில் துவக்குக்கு, விண்ணப்பிக்கலாம் என்ற கதை ஊரில் எழுந்தபோது, எல்லோரும் என்னிடம் வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். விண்ணப்பப் படிவம், காணி உறுதி, கிராம அலுவலரின் அறிக்கை, பயிர்ச்சேத அறிக்கை, பொலிஸ் அறிக்கை, வைத்தியச் சான்றிதழ், துவக்கை வைக்கும் இடம் பற்றிய விபரம் என அனைத்தையும் வரிசைப்படுத்தி ஒரு கோவையே தயாரித்து வைத்திருந்தேன். யாரும் வரவில்லை. எல்லோரும் காசிமின் மாமரத்தடிக்குப் போனார்கள். அவர் 2012 ஓகஸ்ட் 6ஆம் திகதி துவக்கு எடுத்துவிட்டார். அது ஒரு காரணம். மற்றக் காரணம் அவருடைய முறை என்பதை நான் பின்னரே அறிந்தேன்.

அவருடைய முறை விசித்திரமானது. யார் வந்தாலும் முதலில் படிவத்தைத் தொடமாட்டார். ஒரு கொப்பியைக் கொடுத்து, பன்றி வந்த நாள், வந்த வழி, தின்ற அளவு எல்லாவற்றையும் மூன்று மாதம் எழுதச் சொல்வார். “துவக்குக் கேக்கிறவன், துவக்கு இல்லாம எப்பிடி இருந்தான் எண்டதத்தான் முதல்ல காட்டவேணும்” என்பார். மூன்று மாதம் முடிந்ததும் அந்த ஆளின் வீட்டுக்குப் போவார். ஆளோடு கதைக்கமாட்டார். குசினி வாசலில் நின்று வீட்டுக்காரியிடம் கேட்பார்: “ராத்தா, இந்த மனுசன்ட கையில துவக்கு இருந்தா நீங்க நித்திர கொள்வீங்களா?”

பெண் ஓம் என்றால் படிவத்தைத் தொடுவார். மௌனமாக இருந்தால் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவார்.

ஒருநாள் வேலியோரம் இதைப் பற்றி அவரிடமே கேட்டேன்.

“இது எந்தச் சுற்றறிக்கையில் இருக்கிறது, காசிம்?”

“சுத்தறிக்கையில இல்ல லிகிதர். அவங்கட மூஞ்சியில இருக்கு.”

“மூஞ்சியைக் கோவையில் இணைக்க முடியாது.”

“அதான் நான் போய்ப் பாக்கிறன்” என்றார்.

2013 மார்ச் 11ஆம் திகதி திங்கட்கிழமை என் விண்ணப்பத்தை நானே கையளித்தேன். பதினாறு பக்கங்கள், பக்க எண்களோடு. காசிமிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜூன் 20ஆம் திகதி வியாழக்கிழமை விசாரணைக்கு இரண்டு உத்தியோகத்தர்கள் வீட்டுக்கு வந்தார்கள். என் பூட்டு அலுமாரியைப் பார்த்துத் திருப்திப்பட்டார்கள். போகும்போது ஒருவர் என் மனைவியிடம், “உங்களுக்கும் விருப்பம்தானே?” என்று கேட்டார். நான் அவளிடம் துவக்கைப் பற்றிச் சொல்லியே இருக்கவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்து, “இவரு சோத்துல கல்லு கண்டாலே கோப்பைய எறியிறவரு” என்றாள்.

ஜூலை 29ஆம் திகதி மறுப்புக் கடிதம் வந்தது. அதில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஓர் ஆறுதலாக இருந்திருக்கும்.

வேலிக்கு அப்பால் வெடிச் சத்தம் கேட்கும் ஒவ்வொரு விடியலிலும் எனக்கு உடம்பு எரிந்தது. அவருடைய கச்சான் பச்சை. அவரைத் தேடி வரும் மனிதர்கள். அவர் மனைவி ஜெசீமா துவக்கை ஒரு பழைய சாரத்தில் சுற்றி, குழந்தையைக் கிடத்துவதுபோலப் பெட்டிக்குள் வைப்பாராம். அதைக்கூட நான் பொறாமையோடுதான் கேட்டுக்கொண்டேன்.

2014 ஜனவரி 15ஆம் திகதி புதன்கிழமை பி.ப. 4.35க்கு நான் அவருக்கு எதிராகப் பெயரில்லாத மனு ஒன்று எழுதினேன்.

ஆம், அது நான்.

காசிம் தனது துவக்கை மருமகனின் கையில் கொடுக்கிறார் என்பது குற்றச்சாட்டு. நான் கண்டது இவ்வளவுதான்: காசிம் தொழுதுகொண்டிருந்தபோது மழை பிடித்தது, மருமகன் துவக்கைக் கொட்டிலிலிருந்து வீட்டுக்குள் கொண்டுபோனார். பத்து எட்டுத் தூரம் இருக்கும். சட்டத்தின்படி அதுவும் பிழை என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். கையெழுத்தை வலப்பக்கம் சாய்த்து மாற்றி எழுதினேன்.

துவக்கைப் பொலிஸில் ஒப்படைக்கச் சொன்னார்கள். பெப்ரவரியிலிருந்து ஜூன் வரை அது அங்கே இருந்தது. அந்த நான்கு மாதத்தில் பன்றிகள் காசிமின் தோட்டத்தை உழுதுபோட்டன. அடுத்ததாக வேலியைத் தாண்டி என்னுடையதையும் உழுதன. அதுவரை அவருடைய வெடியில்தான் என் கச்சானும் தப்பியிருந்தது.

இனி எழுதுவதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன். மனு யாருடையது என்று ஊர் தேடியபோது பழி இராசரத்தினத்தின் மேல் விழுந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நம்மோடு தோட்டம் செய்பவர் அவர். அவருடைய மனைவி குசினி வாசலில் மௌனமாக நின்றதால் காசிம் அவருடைய படிவத்தைத் தொடவில்லை. எனவே அவருக்குக் கோபம் இருந்திருக்கும் என்று எல்லோரும் முடிவெடுத்தீர்கள். 2014 மார்ச் 23ஆம் திகதிக் கூட்டத்தில் அவரைச் செயற்குழுவிலிருந்து நீக்கினோம். கூட்டறிக்கையை எழுதியவன் நான். அவர் எழுந்து, “நான் எழுதேல்லை. எழுதினா என்ர பேரைப் போட்டு எழுதுவன்” என்றார். அந்த வசனத்தையும் பிழையில்லாமல் பதிந்துவிட்டு, கீழே கையொப்பமிட்டேன். அன்றைக்குப் பிறகு அவர் நம் கூட்டத்துக்கு வந்ததில்லை.

துவக்குத் திரும்பக் கிடைத்த பிறகு, ஜூலை மாதம் ஒரு மாலை, தேநீர்க் கடையில் நான் இருக்கும்போது காசிம் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: “இராசரத்தினத்த விடுங்க. அவன்ட மகள் பிறந்த நாள் என்ன எண்டு கேட்டா ஆடியோ ஆவணியோ எண்டுவான். அந்தப் பெட்டிசனில மணியும் போட்டிருக்கு. இணைப்பு மூண்டு எண்டு எழுதி, மூண்டையும் வெச்சும் இருக்கு. நல்ல ஒழுங்கான மனுசன் யாரோ.”

ஒருவர், “அப்ப யாரு நானா?” என்றார்.

“ஒழுங்கான மனுசன் ஒருநாளைக்கு ஒழுங்காச் சொல்லுவார்” என்று சொல்லிவிட்டு, என் தேநீருக்குச் சீனி போதுமா என்று கேட்டார்.

நான் போதும் என்றேன். நாலரை வருடங்கள் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அவர் இருந்தவரை, வேலியோரம் அவரைக் காணும் ஒவ்வொரு நாளும், இன்றைக்குச் சொல்லலாம் என்று நினைப்பேன். அவர் பன்றியைப் பற்றிக் கதைப்பார். நானும் பன்றியைப் பற்றிக் கதைப்பேன்.

அனுமதிப்பத்திரக்காரர் மரணித்தால் துவக்கைத் தாமதமின்றி ஒப்படைக்கவேண்டும். இம்மாதம் 12ஆம் திகதி செவ்வாய்க்கிழமை அந்தக் கடிதத்தை எழுதித் தரச் சொல்லி ஜெசீமா ஆள் அனுப்பினார். நான் போனபோது, கணவனை இழந்த பெண்கள் தனித்திருக்கும் இத்தாவில் அவர் இருந்தபடியால் திரைக்குப் பின்னால் இருந்து கதைத்தார். மகள் கோவையைக் கொண்டுவந்து என் முன்னே வைத்தாள். அனுமதிப்பத்திரத்தைத் தேடிக் கோவையைப் புரட்டினேன். படிவங்களுக்கு இடையில், பொலிஸில் அவர் பெற்றிருந்த என் மனுவின் பிரதி இருந்தது.

திரைக்குப் பின்னால், “கண்டுட்டீங்களா?” என்றார் ஜெசீமா.

“ஓம்.”

“எறியச் சொல்லி எத்தின தரம் சொன்னன். எறியமாட்டேண்டுட்டார். ‘பாவம், எழுத்த மாத்திப்போட்டார், திகதிய மாத்த மனசு வரல்ல’ எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கடைசியாவும் சொன்னவர், நான் மௌத்தாப் போனா துவக்குக் கடிதத்த லிகிதர்ட்டயே குடுங்க, அவர் ஒண்டையும் விடமாட்டார் எண்டு.”

கடிதத்தை அங்கேயே எழுதினேன். மூன்று இடத்தில் பிழை விட்டேன். மறுபடி சுத்தமாகப் பிரதி எடுத்தேன். ‘பாவம்’ என்ற அந்தச் சொல்லை அவர் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கக்கூடாது. அதற்கும் பொறாமைப்படுகிறேன்: அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தச் சொல் எனக்கு வந்திராது.

இராசரத்தினத்தின் வீட்டுக்கு நேற்று, 16ஆம் திகதி, பி.ப. 5.00 மணிக்குப் போனேன். அவர் வேலைக்குப் போயிருந்தார். காசிமின் வழக்கப்படி குசினி வாசலில் நின்று அவருடைய மனைவியிடம் முதலில் சொன்னேன். அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, “இதை அவரிட்டச் சொல்லாதேங்கோ ஐயா. கூட்டத்தில சொல்லுங்கோ” என்றார். அதனால் சொல்கிறேன். நீக்கத் தீர்மானத்தை ரத்துச் செய்து, என் பெயரைச் செயற்குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள். அவர் வந்திருந்தால் அவர் முகத்தைப் பார்த்து இதை வாசியுங்கள்.

காசிமிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய கேள்வி ஒன்றை மட்டுமே. நேற்றிரவு சோற்றுக்கு முன் அதை என் மனைவியிடம் கேட்டேன். என் கையில் துவக்கு இல்லை, ஆனாலும் கேட்டேன். “யோசிச்சுச் சொல்றன்” என்றாள். காத்திருக்கிறேன்.

இத்துடன் இணைக்கப்பட்டவை:
1. துவக்கு ஒப்படைத்த பற்றுச்சீட்டின் பிரதி, 2019.02.13.
2. துவக்குக்கு விண்ணப்பிப்போருக்காகக் காசிம் தன் கையால் எழுதிய பட்டியல், ஒரு தாள். முதலாம் இலக்கத்தில் ‘வீட்டுக்காரி’ என்று இருக்கிறது. திருத்தவேண்டாம்.
3. 2014.03.23 கூட்டறிக்கையின் பிரதி.
4. 2014.01.15, பி.ப. 4.35 எனத் திகதியிடப்பட்ட மனு. இம்முறை கையொப்பத்துடன்.