மதகில் இல்லாத பெயர்

மூன்று குமர்களுக்கு, என் மகள்மாருக்கு, மூன்று கல்வீடு கட்டினேன். பத்துத் தறி ஓடிய நெசவுக் கொட்டில் கட்டினேன். எழுபதுகளின் கடைசியில் புயல் உடைத்துப்போட்ட வாய்க்கால் மதகை, அரசாங்கத்தைப் பார்த்துக்கொண்டிராமல், ஆள் சேர்த்து நானே கட்டினேன். படித்தது மூன்றாம் வகுப்பு.

பிறகு அந்த மதகில் பலகை மாட்டினார்கள். அதில் பழைய மதகைக் கட்டிய வெள்ளைக்கார இன்ஜினியரின் குடும்பப் பெயர் மட்டுமே இருந்தது. வாசிகசாலையில், என்னை அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடும் பள்ளிக்கூட மாஸ்டர் தடித்த இங்கிலீசுப் புத்தகம் ஒன்றைப் புரட்டி, அதே குடும்பப் பெயரில் புகழ்பெற்றவர்களை வாசித்தார்: ஒரு நீதவான், ஒரு தளபதி, ஒரு பாட்டுக்காரி, ஒரு பந்தடிகாரன்.

"எல்லாரும் அவர்ர புள்ளையளா மாஸ்டர்?"

"இல்ல காக்கா, ஒரு சொந்தமும் இல்ல. பேர் மட்டும்தான் ஒண்டு."

"அப்ப என்ட பேர ஆரு வெச்சிரிக்கா?"

மாஸ்டர் சிரித்தார். "உங்கட புள்ளையள் உம்மாட குடிதானே காக்கா!"

உண்மைதான். எங்கள் பக்கம் குடி என்னும் வம்சப் பிரிவு தாய்வழியில், உம்மா வழியில் போகும். வீடுகளும் மகள்மாருக்குப் போய்விட்டன. நானும் மனைவியும் கடைசி மகளின் சமையல் குசினிப் பக்கம் ஒதுங்கிக் கிடக்கிறோம். பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் என் பெயரில் ஒரு எழுத்து நிற்கிறது. பேரப்பிள்ளைகளிடம் அதுவும் இல்லை. அந்த வெள்ளைக்காரனின் பெயரை அந்நியர்கூடச் சுமக்கிறார்கள். என் பெயரை என் இரத்தமே சுமக்காது.

பலகை மாட்டியவர்களே, வெள்ளைக்காரனின் பெயரைக் கழற்றச் சொல்லவில்லை. அதன் கீழே, புயலுக்குப் பின் கட்டியவன் என்று என் பெயரையும் எழுதுங்கள். நான் மௌத்தாகுமுன், கண்மூடுமுன் எழுதுங்கள்.