இரண்டா, முப்பத்தொன்றா?

இலங்கை மலைநாட்டில், வட்டவளைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் வினோதா நலன்புரி உத்தியோகத்தர். கொழுந்து பறித்தவளின் மகள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து ஆபீஸ் வேலைக்குப் போன முதல் பெண். யாருக்கு அடிபட்டாலும் விபத்துப் புத்தகத்தில் பதிவது அவள்தான். தொழிலாளரையும் மண்ணையும் எப்படிப் பேணுகிறோம் என்று கம்பனி வருடந்தோறும் வெளியிடும் நிலைபேறு அறிக்கைக்கு, அந்த எண்ணிக்கை கொழும்புக்குப் போகும்.

போன வருடம் அதில் பதிவானவர்கள் முப்பத்தொரு பேர்; எல்லோரையும் குளவி கொட்டியிருந்தது. அவர்களில் கொழுந்து பறிக்கும் காளியாயி மூச்சுத் திணறி ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஆனால் அச்சுக்குப் போகவிருந்த அறிக்கையில் ‘வேலைக் காயங்கள்: இரண்டு’ என்றிருந்தது.

அதைச் சரிபார்க்க வெளியிலிருந்து நிஷாந்தி என்ற அதிகாரி வரப்போகிறார் என்று தெரிந்ததும் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை வினோதாவை அழைத்தார்.

“மூணு நாளைக்கு மேல வார்ட்டுல இருந்தவங்க மட்டுந்தான் கணக்கு. அந்தப் புத்தகத்த வெளிய எடுக்க வேணாம். வெளங்குதா?”

“சரிங்க சார்.”

சொல்லிவிட்டாளே தவிர, அன்று சாயங்காலம் புத்தகத்திலிருந்த பெயர்களை மறுபடி எண்ணிப் பார்த்தாள். வீட்டுக் கடனும் மகளின் பள்ளிக்கூடமும் இந்த வேலையை நம்பித்தான் இருந்தன.

மறுநாள் ஆபீசில் நிஷாந்தி அறிக்கையைப் புரட்டிக்கொண்டே வினோதாவைக் கேட்டார்.

“ரெண்டே பேர்தானா? இவ்வளவு பெரிய தோட்டத்துலயா?”

துரை முந்திக்கொண்டார். “நம்ம பாதுகாப்பு அப்படி, மிஸ்.”

“நான் இவங்களத்தான் கேட்டேன்.”

துரையின் பார்வை கன்னத்தில் சுடுவது போலிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஏழாம் நம்பர் மலையில் பெண்கள் நிரை பிடித்துப் பறித்துக்கொண்டிருந்தார்கள். அங்கேதான் காளியாயி விழுந்தாள். குளவிக்கூடு இன்னும் அங்கே மரத்திலேயே இருந்தது.

“இல்லீங்க மிஸ். முப்பத்தொரு பேர்.”

எழுந்து போய் அலுமாரியைத் திறந்து புத்தகத்தை மேசையில் வைத்தாள். நிஷாந்தி பக்கம் பக்கமாகப் படமெடுத்தார்.

திருத்தாமல் கையெழுத்திட மாட்டேன் என்று நிஷாந்தி பிடிவாதமாக நிற்க, அறிக்கை முப்பத்தொன்று என்றே அச்சானது. அடுத்த மாதம் கம்பனி அனுப்பிய ஆட்கள் வந்து கூட்டை அகற்றினார்கள். அதே வாரத்தில் வினோதாவைப் பொகவந்தலாவையிலுள்ள வேறொரு தோட்டத்துக்கு மாற்றிக் கடிதமும் வந்தது. துரை நிமிர்ந்து பார்க்காமலே அதை அவளிடம் நீட்டினார்.

“அங்க விபத்துப் புத்தகம் இருக்குங்களா சார்?” என்று மட்டும் கேட்டாள்.