ஒரே சுருளில் இரண்டு தடவை

தொண்ணூறுகளில் கனடாவில், ஸ்காபரோவில் படம் கழுவும் கடையில் வேலை செய்துகொண்டே கல்யாணங்களுக்கும் படம் எடுத்தேன். எடுத்து முடித்த பிலிமை முழுவதும் உள்ளே சுற்றாமல், கழுவச் சுலபமாக இருக்கட்டும் என்று நுனியை வெளியே விட்டுவைப்பேன். கெட்ட பழக்கம்; புதுச் சுருளும் நுனி வெளியே தெரிய அப்படித்தான் இருக்கும்.

வெக்ஸ்போர்ட் தேவாலயத்தில் ஜெனிற்றாவுக்குக் கல்யாணம். நடக்கவே சிரமப்பட்ட தகப்பன் அவளைப் பீடம்வரை கூட்டிவந்தார். விருந்து, விட்பி நகருக்கு அப்பால் ஒரு பண்ணைக் கொட்டகையில். அங்கே அவசரத்தில், தேவாலயத்தில் எடுத்து முடித்த சுருளையே புதியதென்று நினைத்து மறுபடி கமராவில் போட்டுவிட்டேன்.

கழுவிப் பார்த்தால், தகப்பனின் முகத்தின் மேல் கொட்டகை விளக்குகளும் ஆடுகிறவர்களின் கால்களும். ஜெனிற்றா கேட்கும்போதெல்லாம் “இன்னும் கழுவி வரேல்லை” என்று பொய் சொன்னேன். கல்யாணம் முடிந்த மூன்றாம் கிழமை தகப்பன் இறந்துபோனார்.

செத்தவீட்டுக்கு வைக்கப் படம் கேட்டு வந்தவளிடம் உண்மையைச் சொன்னேன்.

“அண்டைக்கே சொல்லியிருந்தா, அப்பாவுக்குத் திரும்பக் கோட் போட்டு சேர்ச்சுக்குக் கூட்டிக்கொண்டு வந்திருப்பன், அண்ணை. அவர் வந்திருப்பார்.”

அதற்குப் பிறகு நுனியை முழுவதும் உள்ளே சுற்றிவிடுவேன். இப்போதும் படம் பழுதாய்ப்போனால் அன்றைக்கே போன் எடுத்துச் சொல்கிறேன். ஏசுகிறார்கள். ஜெனிற்றா ஏசவேயில்லை.