பங்கருக்குள் சாமிப்படங்கள்

அச்சுவேலி மீனாம்பிகைக்கு எதையும் ஒரு தரம் பார்த்தால் போதாது. சங்கக்கடை மனேச்சர் சிரித்தால் நிறுவையில் ஏதோ பிழை. புருசன் பஞ்சலிங்கம் வெங்காயத் தோட்டத்திலிருந்து நேரத்தோடு திரும்பினால் அங்கே யாருடனோ கொழுவல். மழை பெய்தால்கூட, இது ஏன் இப்போது பெய்கிறது என்று முற்றத்தைப் பார்த்து முகம் சுளிப்பாள். ஆனால் மனம் கெட்டவள் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் மயிலிட்டிச் சனம் சண்டைக்குப் பயந்து கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தபோது, தன் வளவின் பின்மூலையில் கொட்டில் போட மக்டலீனுக்கு இடம் கொடுத்தவள் அவள்தான். கொடுத்த அன்றைக்கே சந்தேகப்படவும் தொடங்கிவிட்டாள்.

மக்டலீன் கடற்றொழில் செய்யும் வீட்டுப் பெண். மகள் றோஸுக்குப் பதின்மூன்று வயது. மீனாம்பிகையின் இளைய மகள் சிவமலருக்கும் அதே வயதுதான். வளவில் இருந்தது ஒரே கிணறு. வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது. மாதவிலக்கான துடக்கு நாட்களில் பெண்கள் கிணற்றுக் கட்டில் கால் வைக்கக் கூடாது என்பது மீனாம்பிகையின் சட்டம். மூத்தவள் பவளராணி அந்த நாட்களில் எட்டத்தில் நிற்பாள், யாராவது அள்ளி வார்ப்பார்கள்.

பங்கர் விசயத்தில் சட்டம் இன்னும் இறுக்கம். பொம்மர் விமானம் வந்து குண்டு போடத் தொடங்கியதும் பஞ்சலிங்கம் முற்றத்தில் பதுங்குவதற்குப் பங்கர் வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டார். வீட்டின் மேல் குண்டு விழுந்தால் சாமிகளின் கதி என்ன என்று யோசித்த மீனாம்பிகை, சாமியறைப் படங்கள் அத்தனையையும் பங்கருக்குள் கொண்டுபோய் வைத்து விளக்கும் ஏற்றினாள். சாமி இருக்கும் இடத்துக்குத் துடக்கோடு போகலாமா? போகக்கூடாது. ஆகவே அந்த நாட்களில் பொம்மர் இரைந்தால் பவளராணி மாமரத்தடியில் குப்புறப் படுத்துக்கொள்வாள். பஞ்சலிங்கம் ஒருநாள் முணுமுணுத்துப் பார்த்தார். "சாமி பாத்துக்கொள்ளும், நீங்கள் சும்மா இருங்கோ" என்று மீனாம்பிகை அவர் வாயை அடைத்துவிட்டாள். பவளராணி எதுவும் சொன்னதில்லை. அந்தப் பேசாமையிலும் மீனாம்பிகைக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

ஆவணி போய்ப் புரட்டாதி பிறந்தபோது அவளுடைய கண் முழுக்க றோஸின் மேல் இருந்தது. பெட்டை வளர்ந்துவிட்டாள், தாய்க்காரி கிணற்றுக்காக ஒளிக்கிறாள் என்று தீர்மானித்திருந்தாள். நேரே கேட்டிருக்கலாம். கேட்டால் பொய் சொல்வார்கள் என்று கேட்கவே இல்லை. அடுப்பு வேலையோடு குசினி யன்னலில் நின்று, றோஸ் எந்தக் கிழமை கிணற்றடிக்கு வருகிறாள், எந்தக் கிழமை வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதோடு பஞ்சலிங்கத்தின் பச்சைக்கரை வேட்டி ஒன்றும் காணாமல் போயிருந்தது.

ஒருநாள் காலை, குளிக்கும் மறைப்பின் கிடுகுகளுக்கு இடையில் ஏதோ செருகிக் கிடந்தது. இழுத்து எடுத்தாள். நாலாய் மடித்த துணி. ஈரம் காயவில்லை, பூஞ்சண மணம் அடித்தது, தோய்த்தும் கறை போகவில்லை. விரித்துப் பார்த்தால் ஓரத்தில் பச்சைக்கரை. துடக்கும் பிடிபட்டது, களவும் பிடிபட்டது! மீனாம்பிகை கொட்டிலை நோக்கி நடந்த வேகத்தில் கோழிகள் சிதறி ஓடின.

சவுக்காரக் கட்டிக்கு அரசாங்கம் தடை போட்டிருந்த காலம். மக்டலீன் பனம்பழத்தைப் பிழிந்து உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

"இதென்ன மக்டலீன்? உம்மடை பெட்டை பெரியபிள்ளையானதை எனக்கு ஒளிச்சிட்டீர். போதாததுக்கு என்ரை மனிசன்ரை வேட்டியையும் கிழிச்சாச்சோ?"

மக்டலீன் கையைத் துடைத்துவிட்டுத் துணியைப் பார்த்தாள். கோபப்படவில்லை.

"றோஸ் மயிலிட்டியிலை, சித்திரையிலேயே பெரியபிள்ளையாயிட்டாள் அக்கா. நீங்கள் கேக்கேல்லை, நான் சொல்லேல்லை. அந்த நாளிலை நான்தான் அவளுக்கு அள்ளி வாக்கிறனான். உங்கடை கிணத்தை அவள் தொட்டதில்லை."

"அப்ப இது?"

"அவளின்ரை துணி அந்தா கிடக்கு." கொடியில், நல்ல வெயிலில், கோதுமை மாச்சாக்கைக் கிழித்த துணித்துண்டுகள் வெளிப்படையாகக் காய்ந்துகொண்டிருந்தன. "ஒளிச்சு ஈரத்தோடை வைச்சுக் கட்டினால் புண் வந்திடுமெண்டு நாங்கள் வெயிலிலைதான் போடுறனாங்கள்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "சிவமலர் ரெண்டு கிழமையாய்க் காலை அகட்டி நடக்கிறாள் அக்கா. நீங்கள் காணேல்லையே?"

மீனாம்பிகை காணவில்லை. ஊரிலுள்ள கண்களையெல்லாம் வாங்கி வைத்திருந்தவள் போல அடுத்தவர்களைப் பார்த்தாள், தன் வீட்டுக்குள் பார்க்கவில்லை. வாய் திறக்க முன்னமே வடக்கில் பொம்மர் இரைந்தது.

மக்டலீன் றோஸைக் கூப்பிட்டுக்கொண்டு கொட்டிலுக்குப் பின்னாலிருந்த பதுங்குகுழிக்கு ஓடினாள். மீனாம்பிகை துணியும் கையுமாகப் பங்கருக்கு ஓடினாள். பவளராணி முதலே உள்ளே இருந்தாள். குசினியிலிருந்து ஓடிவந்த சிவமலர், பங்கர் வாசலில் தாயின் கையிலிருந்த துணியைப் பார்த்தாள். நின்றாள். பிறகு திரும்பி மாமரத்தடிக்குப் போய், தமக்கை படுப்பது போலவே காதைப் பொத்திக்கொண்டு குப்புறப் படுத்தாள்.

"உள்ளுக்கு வாடி!" என்று மீனாம்பிகை கத்தினாள்.

"சாமிப்படம் இருக்குதம்மா."

பொம்மர் ஒரு வட்டம் அடித்தது. இத்தனை நாளும் இந்தப் பிள்ளை துடக்கோடு சாமிகளுக்குப் பக்கத்தில்தானே குந்தியிருந்திருக்கிறாள்! சாமிகள் ஒன்றும் செய்யவில்லை. அவள் பங்கருக்குள் பாய்ந்து, பிள்ளையாரையும் முருகனையும் அம்மனையும் இரண்டு கையாலும் வாரி வெளியே வைத்தாள். ஒரு கண்ணாடி உடைந்தது. உடையட்டும் என்று ஓடிப்போய்ச் சிவமலரை இழுத்துக்கொண்டு வந்து உள்ளே தள்ளி, தானும் விழுந்தாள். எங்கோ குண்டு விழுந்தது. பனங்குற்றி இடுக்கால் மண் கொட்டியது.

"பெரியபிள்ளையாகி எத்தினை மாதமடி?"

"மூண்டு."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் என்னையும் மரத்தடியிலை விடுவியள்."

மீனாம்பிகை அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். "இனி விடன் மோனை. இண்டைக்கே உன்னை ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போறன். துணியையும் வெயிலிலை போடு. ஆர் பாத்தாலும் பாக்கட்டும். சாமி வெளியிலை இருக்கட்டும், நீ உள்ளை இரு."

பங்கரின் மற்ற மூலையிலிருந்து பவளராணியின் குரல் வந்தது.

"என்னை நாலு தரம் விட்டனீங்கள் அம்மா."

பொம்மர் போய்விட்டது. அந்த இருட்டில் மீனாம்பிகை மூத்தவளின் கையைத் தேடினாள். பவளராணி கையைக் கொடுக்கவில்லை.