கைப்பிடிக் கடலை

அம்முவுக்குக் கோபம் வந்தால் கை வேகமாகிவிடும். ராயபுரம் கடலைக் கிடங்கில் இது எல்லாப் பெண்களுக்கும் தெரியும். யாராவது சீண்டிவிட்டால் போதும், சொத்தையும் கல்லும் ஒரு பக்கம், கப்பலுக்குப் போகிற நல்ல பருப்பு ஒரு பக்கம் என்று முறத்தில் பிரிந்து பறக்கும். புருஷன் செத்த வருஷம் அவள் பொறுக்கின மாதிரி யாரும் பொறுக்கியதில்லை என்று பக்கத்து முறத்துக்காரி ஜன்னத் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

ஆனால் அந்த வேகம் அம்முவுக்கு மட்டும் சொந்தமில்லை. கிடங்கில் ஒரு வழக்கம் இருந்தது. தண்ணீர்ப் பானைக்கு எழுந்து போகிறவள், போகிற வழியில் பின்தங்கினவளின் கூடையில் ஒரு கைப்பிடி நல்ல பருப்பைப் போட்டுவிட்டுப் போவாள். அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. சாயங்காலம் மரக்காலில் அளக்கும்போது எல்லாக் கூடையும் ஏறக்குறைய ஒன்றாக நிற்கும். முதலாளி ராமசுப்புவுக்கு இது தெரியாது.

அந்த மாசம் கைப்பிடியெல்லாம் தாயம்மாவுக்குத்தான் போனது. தாயம்மா அம்முவின் தம்பி பெண்சாதி. பிள்ளை பெற்று, ஜுரத்தில் கிடந்து எழுந்து வந்தவள். விரல் நடுக்கம் இன்னும் விடவில்லை. தம்பி லோகநாதன் ஹார்பரில் மூட்டை சரிந்து கால் நசுங்கிப் படுத்துவிட்டான். புளியந்தோப்பு வீட்டில் அடுப்பு எரிவது தாயம்மாவின் கூலியில்தான்.

அப்போதுதான் சங்கரநாராயணன் வந்தார். காலேஜில் மனசைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர், ராமசுப்புவின் ஊர்க்காரர். தனியாக இருந்தால் ஒருத்தர் எப்படி வேலை செய்கிறார், கூட்டத்தில் எப்படிச் செய்கிறார் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

"முதல்ல ஆபீஸ் ரூமுக்குள்ள ஒரு சோதனை," என்று முதலாளிக்கு விளக்கினார். "ஒரு ஆள், ஒரு முறம், ஒரு கடிகாரம். எல்லாம் என் கைக்குள்ள இருக்கும். ஆனா அது நிஜ வாழ்க்கை இல்ல. அதனால அப்புறம் கிடங்குலயே ஒண்ணு. சீட்டுப் போட்டு, பாதிப் பேரைப் பேசவிடுவோம், பாதிப் பேரை வாயை மூடச் சொல்லுவோம். அங்க வாழ்க்கை இருக்கும், ஆனா என் கைக்குள்ள ஒண்ணும் நிக்காது. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கணும்."

"பாத்துக்கிடுங்க சார். எனக்குக் கடலை கப்பல் ஏறணும், அம்புட்டுதான்."

அம்முவைக் கூப்பிட்ட நேரம் பொல்லாத நேரம். கிடங்கு மூலையில் தூளியில் கிடந்த பிள்ளைக்குப் பால் கொடுக்க எழுந்ததற்காகக் கணக்குப்பிள்ளை அப்போதுதான் தாயம்மாவை ஏசியிருந்தான். அம்மு உள்ளே போகும்போதே உடம்பு கொதித்தது. "யாரு கெட்டிக்காரின்னு பார்க்கலாமா?" என்று சிரித்தபடி சங்கரநாராயணன் கடிகாரத்தைத் திருகினார். அறையில் தண்ணீர்ப் பானை இல்லை, வேறு ஒருத்தி கூடையும் இல்லை. கை பறந்தது. நிறுத்தச் சொன்னபோது தன் குவியலைப் பார்த்தாள். தன் கை இவ்வளவு பொறுக்குமென்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. வெளியே வந்து ஜன்னத்திடம் பீற்றிக்கொண்டாள்.

பின்னாலேயே தாயம்மா போனாள். அவள் குவியல் ஒரு கையில் அடங்கிவிட்டது.

கிடங்குச் சோதனையில் பேசின வரிசைக்கும் பேசாத வரிசைக்கும் வித்தியாசமே வரவில்லை. பேசின பெண்கள் தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் வாயடைத்துக் கிடந்தவர்கள் கூடையில் கைப்பிடி விழுந்தது. சங்கரநாராயணன் வாசலோரம் நின்று தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் அது படவில்லை.

ராமசுப்புவுக்கு அந்தக் குழப்பமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. அறைச் சோதனையை எடுத்துக்கொண்டார்.

"அம்மு ரூம்ல பொறுக்கின வேகம்தான் இனி எல்லாருக்கும் அளவு. எட்டாதவ திங்கக்கிழமையிலருந்து வர வேண்டாம்."

"அது ரூமுக்குள்ள வந்த அளவுங்க, கிடங்குக்கு அப்படியே பொருந்தாது..." என்று இழுத்தார் சங்கரநாராயணன்.

"நீங்கதான சார் அளந்தீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கெட்டிக்காரிக்கு மாலை வாங்கியாங்கடி," என்றாள் ஜன்னத். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. தாயம்மா மட்டும் ஒன்றும் சொல்லாமல் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். அம்முவுக்கு அதுதான் சுட்டது. அந்தக் கடிகார மனுஷன் மேலும் முதலாளி மேலும் வந்த கோபத்தைவிடத் தன் பத்து விரல் மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் தாயம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். "வர வேணாம்னாங்களே, அண்ணி," என்றவளை, "குந்து," என்று பக்கத்தில் உட்கார்த்தினாள். தாயம்மா ஒரு பருப்பு எடுத்தால் அவளும் ஒன்று எடுத்தாள். தாயம்மா நிறுத்தினால் அவளும் நிறுத்தினாள். ஜன்னத் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் அவள் கையும் தாயம்மாவின் கையோடு நடந்தது. மத்தியானத்துக்குள் வரிசை முழுக்க அந்த நடைதான். ஹார்பரில் கப்பல் காத்திருந்தது.

"ஏளா அம்மு, கைக்கு என்ன கேடு?" என்று ராமசுப்பு கத்தினார்.

"கை இங்கதான் கீது. வேகம் ரூமுல கீது. போய் எத்துகினு வா."

அன்றைக்கும் மறுநாளும் அவர் கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். கப்பல் ஏஜெண்டு வந்து முகத்துக்கு நேரே கேட்ட பிறகுதான் இறங்கி வந்தார். "பழைய அளவே இருக்கட்டும். இவளும் இருந்து தொலையட்டும்."

சங்கரநாராயணன் விஷயம் கேள்விப்பட்டு வேர்க்க விறுவிறுக்க வந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"இது மூணாவது வகைச் சோதனை, அம்மா. நான் ஏற்பாடே பண்ணல, தானா நடந்திருக்கு. அந்த ரெண்டையும்விட இதுலதான் விஷயம் இருக்கு. யார் முதல்ல நிறுத்தினது?"

"தானா நடந்துச்சா?"

அம்மு எழுந்தாள். முறத்தில் ஒதுக்கியிருந்த சொத்தைக் கடலையை அள்ளி, அவர் கையை விரித்து அதில் வைத்து, விரல்களை மூடினாள்.

"தாயம்மா வேல போயிருந்தா அவ புள்ள பால் இல்லாம கத்தியிருக்கும். அப்பயும் கடியாரத்த எத்துகினு வந்திருப்ப இல்ல, நைனா? அது எந்த வகை?"

அவர் கையில் இருந்ததைக் கீழே போடவும் தோன்றாமல் நின்றார்.

அம்மு திரும்பி உட்கார்ந்தாள். கை பறக்க ஆரம்பித்தது. வெயில் கூரைத் தகரத்தில் இறங்கி எல்லாருக்கும் நாக்கு வறண்டிருந்தது. இருந்தும் அவர் வாசலைத் தாண்டிப் போகிறவரை ஒருத்திகூடக் கைப்பிடியோடு தண்ணீர்ப் பானைப் பக்கம் எழுந்து போகவில்லை.